வடியாத அழைப்பு

இதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லுகிற வேலையை நெல்லைநாயகத்தின் கம்பெனியே செய்து முடித்துவிட்டது; மற்றவர்களுக்கு மிச்சம் வைக்கவில்லை. சங்கரன்கோவில் ராஜபாளையம் சாலையில், உரக்கடைக்கு மேல்மாடியில், பட்டப்பகல் உச்சிவேளையில் நடந்தது. கூட இருந்த ஆசிப் இன்றைக்கும் அந்த மாடிப்படி ஏறுவதில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களிடமும் ஒரு போன் இருக்கிறது, அதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

நெல்லைநாயகத்துக்கு நாற்பத்தேழு வயது. அவருடைய பதவிப் பெயர் விசிட்டிங் கார்டில் இரண்டு வரி ஓடி, மூன்றாவது வரியில் மூச்சு வாங்கும். சுருக்கிச் சொன்னால், செல்போன் கம்பெனிகளின் வயிற்றுக்குள் இருக்கிற கம்பி வேலையைக் கம்பி இல்லாமல் செய்கிறவர்.

முன்பெல்லாம் ஓர் ஊரின் பேச்சைக் கடத்த பீரோ அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். வைத்தால் பதினைந்து வருஷம் ஓடும். இப்போது அந்த வேலைக்கு கன்டெய்னர் என்ற சின்னச் சின்ன மென்பொருள் டப்பாக்கள் வந்திருக்கின்றன. கையால் தொட முடியாத டப்பா. ஒன்று செத்தால் அடுத்த நொடி இன்னொன்று பிறக்கும். அந்தப் பிறப்பு இறப்பைக் கவனிக்க மேலே ஒரு மேஸ்திரி மென்பொருள் உண்டு. இந்த மேஸ்திரி துணிக்கடை வலைத்தளங்களுக்காக வளர்ந்தவன். டப்பாவுக்கு ஒரே ஒரு வாசல் வைப்பான். புதிதாகப் பிறக்கிற ஒவ்வொன்றுக்கும் புது முகவரி கொடுப்பான். சேலை விற்க அது போதும். போன் கம்பெனிக்குப் போதாது. பேச்சு போக ஒரு வாசல், யார் யாரைக் கூப்பிடுகிறார் என்ற தகவல் போக ஒரு வாசல், பராமரிப்புக்கு ஒரு வாசல் என்று கேட்பார்கள். முகவரியும் மாறக் கூடாது என்பார்கள். கூடுதல் வாசல் வெட்டுவதும், செத்த டப்பாவின் முகவரியை அடுத்துப் பிறக்கிற டப்பாவுக்கு வாங்கிக் கொடுப்பதும்தான் நெல்லைநாயகத்தின் பிழைப்பு.

முகவரியைத்தான் வாங்கிக் கொடுக்க முடியும். செத்த டப்பாவுக்குள் நடந்துகொண்டிருந்த பேச்சு டப்பாவோடு போய்விடும். அதைக் காப்பாற்ற இன்னும் யாரும் வழி எழுதவில்லை.

இதையே அவருடைய மேலதிகாரி, பெங்களூரில் இருக்கிற துணைத் தலைவர் கைலாஷ், மேடைக்கு மேடை வேறு விதமாகச் சொல்வார். "நம்ம சிஸ்டத்துல சாவு ஒரு சம்பவமே இல்லை." சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்துவார். நெல்லைநாயகத்தின் மனைவி அகிலாண்டேஸ்வரி இறந்துபோன மறு வாரமும் ஒரு காணொளிக் கூட்டத்தில் அதைச் சொன்னார். நெல்லைநாயகம் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கேமராவை அணைத்துவிட்டு இருந்தார்.

அகிலா போனது போன புரட்டாசியில். மூளையில் ரத்தக் கசிவு. அப்போது அவர் பெங்களூரில். அவளும் மகள் மாலாவும் இங்கே சங்கரன்கோவிலில். தினமும் உச்சிகால பூஜை மணி கேட்டதும் அகிலா அவரைக் கூப்பிடுவாள். அந்த மணிதான் அவளுக்கு அலாரம். அவரும் எடுத்து, தினமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார். மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன். அவள் கோபித்துக்கொண்டதில்லை. மறுநாள் மணி அடித்ததும் மறுபடி கூப்பிடுவாள்.

சாவு வீட்டில் நெல்லைநாயகம் அழவில்லை. உறவுக்காரர்கள் அதைக் கவனித்துப் பேசிக்கொண்டார்கள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி இருந்தது அவருக்கு. அந்த மரமரப்பு இன்னும் இறங்கவில்லை. அவளுடைய போனை அணைத்து பீரோ இழுப்பறைக்குள் வைத்தார். அந்த எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் மட்டும் செய்துவந்தார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கரண்ட் பில் கட்டுவது போலக் கட்டினார்.

மாலா பிளஸ் டூ படிக்கிறாள். அம்மா போன பிறகு அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஹாஸ்டலுக்கு மட்டும் அனுப்பிவிட வேண்டாம். கம்பெனி ஒரு சோதனை ஓட்டத்துக்குச் சின்ன ஊர் ஒன்று தேடிக்கொண்டிருந்த நேரம் அது. நெல்லைநாயகம் சங்கரன்கோவிலைச் சொன்னார். உரக்கடை மாடியில் இடம் கிடைத்தது, மொட்டை மாடியில் செல்போன் கோபுரமும் இருந்தது. சோதனை வெற்றி பெற்றால் அவர் இங்கேயே இருந்து வேலை பார்க்கலாம். தோற்றால் அவர் பெங்களூருக்கு, மாலா ஹாஸ்டலுக்கு. கைலாஷ் இதை மிக நாகரிகமாக, 'லொக்கேஷனை ரீவிசிட் பண்ணுவோம்' என்று சொல்லியிருந்தார்.

சோதனைக்குக் குறித்த நாளுக்கு மறுநாள் ஆடித்தபசுத் திருவிழாவின் கொடியேற்றம். கொடி ஏறிவிட்டால் திருவிழா முடிகிறவரை எந்தப் போன் கம்பெனியும் சாமானில் கை வைக்காது; ஃப்ரீஸ் என்பார்கள். லட்சம் பேர் ஒரே ரத வீதியில் நின்றுகொண்டு 'எங்கன நிக்க, எங்கன நிக்க' என்று கேட்கிற நாட்கள் அவை. ஆகவே அன்றைக்கே பழைய இரும்புப் பெட்டியை நிறுத்தி, ஊரை டப்பாக்களுக்கு மாற்றியாக வேண்டும். இந்த மாதிரி வேலையை உலகம் முழுக்க ராத்திரியில்தான் செய்வார்கள். கைலாஷ் பகலில்தான் என்றார். ராத்திரி என்பது நம்பிக்கை இல்லாதவர்களின் நேரமாம். நாற்பது விருந்தாளிகளை ஐந்து நாடுகளிலிருந்து காணொளியில் உட்கார வைத்திருந்தார். அவர்கள் ஐந்து நாடுகளில் இட்லி, ரொட்டி, காபி என்று ஏதோ மென்றுகொண்டிருந்தார்கள்.

முறை எளிதானது. அதற்கு வடிய விடுவது என்று பெயர். புது அழைப்புகளை டப்பாக்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். பழைய பெட்டியில் ஏற்கனவே பேசிக்கொண்டிருப்பவர்கள் பேசி முடித்து வைக்கும்வரை காத்திருப்பார்கள். எண்ணிக்கை குறைந்து குறைந்து சைபருக்கு வரும். வந்ததும் பெட்டியை நிறுத்துவார்கள். நடக்கிற பேச்சை அறுக்கக் கூடாது. இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே தர்மம் அதுதான்.

பதினொன்றரைக்கு வடிய விட்டார்கள். நெல்லைநாயகம் திரை முன்னால். பழைய பெட்டி பக்கத்தில் ஆசிப். ஆசிப் ஊர்க்காரன், முப்பது வயது, கோபுரம் ஏறுகிறவன், பயம் என்றால் என்ன என்று சிரிக்கிறவன். கைலாஷ் தன் முகத்தைத் திரையின் மூலையில் வைத்துக்கொண்டு மாற்றத்தின் தத்துவத்தைப் பேசிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை இருநூறில் இருந்து நூறுக்கு வந்தது. நாற்பது. ஒன்பது. மூன்று.

ஒன்று.

அங்கேயே நின்றது.

கைலாஷ், யாரோ காதலர்கள் போலிருக்கிறது என்றார். ஐந்து நாடுகளும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தன.

பத்து நிமிஷம் போனது. ஒன்று.

மற்ற பேச்செல்லாம் போனதும் பழைய பெட்டியின் காற்றாடிச் சத்தம் குறைய வேண்டும். குறையவில்லை. ஊரே அதற்குள் பேசிக்கொண்டிருப்பது போல ஓடியது.

நெல்லைநாயகம் அந்த அழைப்பின் விவரத்தை எடுக்கச் சொன்னார். ஆசிப் தன் மடிக்கணினியில் எடுத்தான். பார்த்தான். புருவத்தைச் சுருக்கினான். தொடங்கிய நேரம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது என்றான். அப்படி ஒன்று அந்தப் பெட்டியின் ஆயுளில் நடந்ததில்லை. சரி, எண்களைப் படி என்றார் நெல்லைநாயகம்.

கூப்பிட்ட எண்ணை ஆசிப் படித்தான்.

நெல்லைநாயகம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தான்.

போன வாரம்தான் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்திருந்தார்.

கூப்பிடப்பட்ட எண்ணை ஆசிப் படிக்கவில்லை. அவரைத் திரும்பிப் பார்த்தான். அந்த எண் அவன் போனிலும் பதிந்திருந்தது, 'நெல்லை அண்ணாச்சி' என்று.

"அண்ணாச்சி... நீங்க யார்கிட்டயும் லைன்ல இருக்கியளா?"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். திரை கறுப்பாக இருந்தது. அழுத்தினார். மாலாவின் படம் வந்தது. அழைப்பு எதுவும் இல்லை. ஏரோப்ளேன் மோடில் போட்டார். ஆசிப் மடிக்கணினியைப் பார்த்தான்.

ஒன்று.

போனை அணைத்தே விட்டார்.

ஒன்று.

சிக்னல் போய்வருகிற நேரத்தை வைத்து, ஒரு போன் கோபுரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பெட்டி சொல்லிவிடும். நெல்லைநாயகம் அதைக் கேட்டார். குரலில் எந்த மாற்றமும் இல்லை; டீயில் சர்க்கரை போட்டாயா என்று கேட்பது போலக் கேட்டார்.

அவரது எண், இந்த மாடிக் கோபுரம், தூரம் சைபர்.

அந்த எண், இந்த மாடிக் கோபுரம்...

"சைபர்" என்றான் ஆசிப்.

அறையில் இருவர்தான் இருந்தார்கள். நாற்காலி மூன்று கிடந்தது.

"அண்ணாச்சி, கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வருவோம். வாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. பயம் வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வரவில்லை. கிள்ளிப் பார்த்துவிட்டு வலிக்காததை வேடிக்கை பார்க்கிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். போனில் பேசுகிற பேச்சு துண்டு துண்டாக, சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். பேசுகிறவர் பக்கத்துப் பொட்டலம் பெரிது. சும்மா இருக்கிறவர் பக்கத்துப் பொட்டலம் சிறிது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்க முடியாது, சட்டமும் விடாது. யார் பேசுகிறார், யார் பேசாமல் இருக்கிறார் என்பது மட்டும் அளவில் தெரியும்.

நெல்லைநாயகம் அளவைப் பார்த்தார்.

அவள் பக்கம் பெரிது. விட்டு விட்டு, பெரிது. யாரோ ஏதோ சொல்கிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடி சொல்கிறார்கள்.

அவர் பக்கம் சிறிது.

கோயிலில் உச்சிகால மணி அடித்தது. ஜன்னல் சாத்தியிருந்தும் கேட்டது.

அவள் பக்கம் நின்றது. இரண்டு பக்கமும் சிறிது.

மூலையிலிருந்து கைலாஷ் குரல் கொடுத்தார். அதில் தேன் குறைந்திருந்தது. விருந்தாளிகளுக்கு நேரம் ஆகிறது, ஒரே ஒரு அழைப்பு, கில் பண்ணுங்க. நெல்லைநாயகம், நடக்கிற பேச்சை அறுக்கக் கூடாது என்று நினைவுபடுத்தினார். கைலாஷ் சிரித்தார். சாவு ஒரு சம்பவமே இல்லை என்பதை நேரடியாகக் காட்டுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று விருந்தாளிகளுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு அவருக்கு மட்டும் தமிழில் சொன்னார். "நாளைக்கு ஃப்ரீஸ். இன்னைக்கு முடியலைன்னா லொக்கேஷனை ரீவிசிட் பண்ணணும் பாஸ்."

மாலா காலையில் பள்ளிக்கூடம் போகும்போது, சாயங்காலம் கோயிலுக்குப் போய் கோயிலைச் சுற்றி வருகிற ஆடிச் சுற்றை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டுவரப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். போன வருஷம் அம்மாவோடு சுற்றினாள்.

நெல்லைநாயகம் கூட்டத்தின் மைக்கை அணைத்தார். ஆசிப் கதவருகே போய் நின்றுகொண்டிருந்தான்.

காலியான நாற்காலியைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி, மெல்லக் கூப்பிட்டார்.

"அகிலா..."

அவர் பக்கத்துப் பொட்டலம் பெரிதானது.

மேஜைமேல் போன் அணைந்து கிடந்தது.

ஒரு சொல்லின் அளவுக்குப் பெரிதாகி, மறுபடி சிறிதானது.

அவள் பக்கம் அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.

என்ன பேசுவது? வாய் வரைக்கும் வந்த வாக்கியம், பல வருஷம் ஓடித் தேய்ந்த தடத்தில் தானாக ஓடியது.

"மீட்டிங்ல இருக்கேன்ட்டி. அப்புறம் பேசுதேன்."

சொல்லிவிட்டு, அழைப்பை அறுக்கிற பொத்தானை அழுத்தினார்.

சைபர்.

பழைய பெட்டியின் காற்றாடி இறங்கி... இறங்கி... நின்றது. அறையில் அப்படி ஓர் அமைதி அதுவரை இருந்ததில்லை. திரையில் ஐந்து நாட்டுக் கைகளும் தட்டின. கைலாஷ் தன் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி."

ஆசிப் புதுத் திரையைக் காட்டினான். டப்பாக்களின் திரை. ஊர் முழுக்க அதில் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலின் நடுவில் அதே இரண்டு எண்கள். தொடங்கிய நேரம், காலி.

"அது இங்கன வந்துட்டு."

வர வழி கிடையாது. வழி எழுத வேண்டியவர் நெல்லைநாயகம்தான், அவர் எழுதவில்லை.

அந்த டப்பாவை அவர் கொன்றார். மேஸ்திரி புது டப்பா ஒன்றைப் பெற்றுப் போட்டான். அதற்குள் அந்த அழைப்பு இருந்தது.

அதையும் கொன்றார்.

அதற்கடுத்ததிலும் இருந்தது.

படியில் ஆசிப் இறங்குகிற சத்தம் கேட்டது. நடந்து இறங்குகிற சத்தமாக இல்லை. அவன் ஹெல்மெட் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

திருவிழா நடந்தது. லட்சம் பேர் எங்கன நிக்க என்று கேட்டார்கள், பதிலும் கிடைத்தது. ஒரு பேச்சும் அறுந்து போகவில்லை. சோதனை வெற்றி. மாலா வீட்டிலேயே இருந்து படிக்கிறாள்; லொக்கேஷனை யாரும் ரீவிசிட் பண்ணவில்லை.

திருவிழா அறிக்கையில் அந்த அழைப்பைக் கைலாஷ் கண்டுபிடித்தார். டப்பாக்கள் மாறி மாறிச் செத்துப் பிறந்தும் அறுந்து போகாத ஓர் அழைப்பு. அவர் பயப்படவில்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு மாநாடு ஒன்றில் அதைப் படமாகப் போட்டுக் காட்டி, கண்ணாடியில் செய்த கோப்பை ஒன்றை வாங்கி வந்தார். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்களாம். எங்கள் டீமின் கலாச்சாரம் என்றாராம்.

நெல்லைநாயகம் தினமும் உச்சிவேளையில் அளவைப் பார்ப்பார். அவள் பக்கம் சிறிது. அவர் பக்கம் சிறிது. யாரும் பேசவில்லை. யாரும் வைக்கவும் இல்லை. அப்புறம் என்று அவர் சொன்ன அப்புறத்துக்காக அந்தப் பக்கம் காத்திருந்தது. பேசியிருக்கலாம். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் அந்த எண்ணையே ஒழித்துவிடுவது என்று முடிவு செய்தார். போன் கடைக்காரர் சிம்மைக் கொண்டு வரச் சொன்னார். வீட்டுக்கு வந்து பீரோ இழுப்பறையைத் திறந்தார். அவளுடைய போன் வைத்த இடத்தில் இருந்தது. சிம் வைக்கிற சின்னத் தட்டை ஊசியால் குத்தி வெளியே இழுத்தார்.

வெறுந்தட்டு.

மாலாவைக் கூப்பிட்டார். "இதுல உள்ள சிம் எங்க மக்கா?"

அவள் கணக்கு நோட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"அம்மாவத் தூக்கதுக்கு முன்னால... முந்தானையில முடிஞ்சு விட்டேம்ப்பா."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மத்தியானம் நீங்க அப்புறம் பேசுதேன்னு சொன்னியள்லா. விழுந்தப்பவும் போன கையிலதான் வச்சிருந்தா. அதான்."

அந்த முந்தானையோடுதான் கொள்ளி வைத்தார். சாம்பலை அவரேதான் பாபநாசத்தில் கரைத்தார். அந்த சிம் எரிந்து, கரைந்து, ஒரு வருஷம் ஆகப் போகிறது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாதமும் ரீசார்ஜ் வெற்றி என்றுதான் அவருக்குச் செய்தி வந்தது.

மறுநாள் உச்சிவேளைக்கு மாடி ஏறினார். மூன்று நாற்காலியும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. மணி அடித்தது. அளவைப் பார்த்தார்.

அவள் பக்கம் சிறிது. கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் பக்கம் பெரிது.

இடைவெளியே இல்லாமல் பெரிது. மூச்சு விடக்கூட நிறுத்தாமல், வருஷக்கணக்கில் சேர்ந்து போனதையெல்லாம் சொல்லித் தீர்ப்பது போல, அவருடைய எண்ணிலிருந்து யாரோ அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

நெல்லைநாயகம் விரலை எடுத்துத் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

மூடியிருந்தது.